அலுவலகக் கணினிக்கு கைரேகையா, ஸ்மார்ட் கார்டா?

பாஸ்வேர்டுத் தொல்லையை ஒழிக்க வேண்டும் என்று ஓர் அலுவலகம் முடிவெடுத்ததும் இரண்டு பொருள்கள் பேச்சுக்கு வரும். ஒன்று கைரேகை ஸ்கேனர், மற்றது ஸ்மார்ட் கார்டு. உடனே எல்லோரும் கேட்பது, "இரண்டில் எது பாதுகாப்பு?" கேள்வியை இப்படியே வைத்துக்கொண்டால் விவாதம் முடியவே முடியாது. போலி ரேகை செய்யலாமே என்பார் ஒருவர். கார்டு தொலைந்துபோகுமே என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான்.

முதலில் கேட்க வேண்டியது வேறு. கணினி நம்பப்போகும் ரகசியம் எங்கே இருக்கிறது? அது அடுத்தவர் கைக்குப் போய்விட்டால் மாற்ற முடியுமா? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் உங்கள் அலுவலகத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம். அதற்கு இரண்டும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேனர் எதைப் பார்க்கிறது

விரலை வைத்ததும் ஸ்கேனர் ரேகையைப் படமாக எடுக்கிறது. சில வகைகள் ஒளியைக் கொண்டு எடுக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது தோலின் மேடு பள்ளத்தை மின்சாரத்தால் உணரும் வகை. சில போன்களில் மீயொலி வகை உண்டு. எப்படி எடுத்தாலும், ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பது போன்ற விவரங்களைப் பிரித்தெடுத்து டெம்ப்ளேட் என்ற ஒரு குறிப்பாகச் சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை விரல் வைக்கும்போது புதிய பதிவைப் பழைய டெம்ப்ளேட்டோடு ஒப்பிட்டு, எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண் போடும்.

மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். பாஸ்வேர்டு என்றால் சரி அல்லது தப்பு, நடுவில் எதுவும் கிடையாது. ரேகை அப்படியில்லை. ஒரே விரல்கூட இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி பதிவாகாது. அழுத்தம் மாறும், கோணம் மாறும், தோல் ஈரமாகவோ வறண்டோ இருக்கும். அதனால் "இவ்வளவு பொருந்தினால் போதும்" என்று ஓர் எல்லை வைக்கிறார்கள். எல்லையைத் தளர்த்தினால் வேறொருவர் நுழைய வாய்ப்பு கூடும். இறுக்கினால் உரியவரே வெளியே நிற்பார். முன்னதைத் தவறான ஏற்பு என்றும் பின்னதைத் தவறான மறுப்பு என்றும் சொல்லலாம். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். விற்பவர் ஒரு எண்ணை மட்டும் காட்டினால் மற்ற எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு விரலை வைத்தால், கணினி உங்கள் டெம்ப்ளேட்டோடு மட்டும் ஒப்பிடும். பெயரே சொல்லாமல் விரலை மட்டும் வைத்தால், பதிவாகியிருக்கும் எல்லோரோடும் ஒப்பிட வேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் டச் ஐடியைப் பற்றிச் சொல்வது, பதிவான ஒரு விரலோடு வேறொருவர் விரல் தவறிப் பொருந்தும் வாய்ப்பு 50,000-இல் 1 என்று. கேட்க நன்றாக இருக்கிறது. இதே துல்லியமுள்ள ஒரு ஸ்கேனரில் 1,000 பேரைப் பதிவு செய்து, பெயர் கேட்காமல் விரலை மட்டும் வாங்கினால் என்ன ஆகும்? சம்பந்தமே இல்லாத ஒருவர் ஒரு முறை விரல் வைத்தால், யாரோ ஒருவருடைய கணக்கு திறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 50-இல் 1 ஆகிவிடுகிறது. ஸ்கேனர் அதேதான், பயன்படுத்திய முறைதான் அதைக் கெடுத்தது.

ரேகை ரகசியம் அல்ல

கைரேகையைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் துல்லியம் சார்ந்ததே அல்ல. ரேகையை நாம் ஒளித்து வைக்க முடியாது. கண்ணாடி டம்ளரில், கதவுக் கைப்பிடியில், அந்த லேப்டாப்பின் மூடியிலேயே அதை நாள் முழுவதும் பதித்துக்கொண்டே இருக்கிறோம். 2002-இல் ஜப்பானைச் சேர்ந்த சுதோமு மட்சுமோட்டோவும் அவர் குழுவும் ஜெலட்டினில் போலி விரல் செய்து, அப்போது விற்பனையில் இருந்த பல ஸ்கேனர்களை ஏமாற்றிக் காட்டினார்கள். 2013-இல் ஐபோன் 5எஸ் வந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்தினர் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்து, அதிலிருந்து செய்த போலி விரலால் போனைத் திறந்தார்கள். இப்படிச் செய்யப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும், உண்மைதான். சாதாரண அலுவலகத்தில் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆனால் உங்கள் கணினிகளில் இருப்பது அவ்வளவு மெனக்கெடத் தகுந்த தகவலா என்று நீங்கள் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது, டெம்ப்ளேட்டுகளை எல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைப்பது. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து தகவல்கள் திருடப்பட்டது 2015-இல் வெளியே தெரிந்தது. அதில் 56 லட்சம் பேரின் கைரேகைகளும் போயின. பாஸ்வேர்டு போயிருந்தால் மறுநாளே மாற்றச் சொல்லலாம். அந்த 56 லட்சம் பேரிடம் என்ன சொல்வது?

நல்ல செய்தி என்னவென்றால், இன்றைய லேப்டாப்களில் ரேகை லாகின் இப்படி வேலை செய்வதில்லை. விண்டோஸில் விரலாலோ முகத்தாலோ நுழைய உதவும் விண்டோஸ் ஹலோவை எடுத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட் அந்த ஒரு இயந்திரத்திலேயே இருக்கும், சர்வருக்குப் போகாது. லேப்டாப்பில் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் ஒன்று உண்டு. அதில் ஒரு ரகசியச் சாவி, அதாவது யாராலும் யூகிக்க முடியாத ஒரு நீண்ட எண், இருக்கிறது. உங்கள் விரல் செய்வதெல்லாம், அந்தச் சாவியைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பதுதான். சர்வரிடம் போய் "இது இன்னார்தான்" என்று நிரூபிப்பது சாவியின் வேலை. சர்வருக்கு உங்கள் ரேகையைப் பற்றி எதுவுமே தெரியாது. எனவே யாரோ உங்கள் ரேகையை நகலெடுத்தாலும், அந்த லேப்டாப்பும் கையில் இல்லாமல் அவரால் எதுவும் செய்ய முடியாது.

அதற்காக இதில் ஓட்டையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2023-இல் மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் பிளாக்விங் இன்டெலிஜென்ஸ் என்ற ஆய்வுக் குழு டெல், லெனோவோ, மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளில் தலா ஒன்றைச் சோதித்தது. மூன்றிலும் ரேகை லாகினைத் தாண்டிவிட்டார்கள். போலி விரல் எதுவும் செய்யவில்லை. ஸ்கேனருக்கும் கணினிக்கும் இடையே நடக்கும் உரையாடலில்தான் கை வைத்தார்கள். அந்த உரையாடலைப் பாதுகாக்க மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே ஒரு முறையை வகுத்திருந்தது. சோதித்த மூன்றில் இரண்டில் அது இயக்கப்படவே இல்லை. எந்த ஸ்கேனர் என்பதோடு, அது கணினியோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். வெளியே யூஎஸ்பியில் செருகும் மலிவான ஸ்கேனர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

கார்டுக்குள் ஒரு சின்னக் கணினி

ஸ்மார்ட் கார்டில் தெரியும் பொன்னிறச் சதுரத்துக்கு அடியில் ஒரு சிப் இருக்கிறது. அதற்குச் சொந்தமாக நினைவகம் உண்டு, கணக்குப் போடும் திறனும் உண்டு. ரகசியச் சாவியைக் கார்டே தனக்குள் உருவாக்கிக்கொள்ளும்படி செய்யலாம். அந்தச் சாவி எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வராது. கார்டை ரீடரில் செருகி பின் நம்பரைக் கொடுத்ததும், சரிபார்ப்புக்கான தகவல் ஒன்று கார்டுக்குப் போகும். கார்டு அதைத் தன் சாவியால் கையொப்பமிட்டு, கையொப்பத்தை மட்டும் திருப்பித் தரும். இந்தச் சாவி இன்னாருடையது என்று அலுவலகம் உறுதிசெய்து கார்டில் வைத்திருக்கும் டிஜிட்டல் சான்றிதழைக் கொண்டு சர்வர் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சான்றிதழ் நம் அலுவலகம் வழங்கியதுதானா, காலாவதி ஆகவில்லையா, ரத்து செய்யப்படவில்லையா என்றும் பார்க்கும். எல்லாம் சரி என்றால் உள்ளே விடும்.

"வெறும் ஆறு இலக்க பின் நம்பரா? பாஸ்வேர்டைவிட இது சுலபமாயிற்றே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனால் பின் நம்பர் சர்வருக்குப் போவதில்லை, கார்டைத் திறப்பதோடு அதன் வேலை முடிந்தது. சில தடவை தவறாகப் போட்டால் கார்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே கார்டு கையில் இல்லாத ஒருவருக்கு பின் நம்பர் தெரிந்து பயனில்லை. கார்டை வழியில் கண்டெடுத்தவருக்கு யூகித்துப் பார்க்கச் சில தடவைக்கு மேல் வாய்ப்பில்லை. தூரத்து ஊரில் உட்கார்ந்து போலி இணையப்பக்கம் வைத்துப் பாஸ்வேர்டைக் கறப்பவருக்கும் இங்கே வேலை இல்லை.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். கதவைத் திறக்கக் காட்டும் அட்டையையும் பல அலுவலகங்களில் ஸ்மார்ட் கார்டு என்றுதான் சொல்கிறார்கள். அவற்றில் பழைய வகைகள் பலவும் ரீடர் அருகே வந்ததும் தம் எண்ணை அப்படியே சொல்லிவிடும், அவ்வளவுதான். அந்த எண்ணை நகலெடுப்பது எளிது. மைஃபேர் கிளாசிக் என்ற பரவலான வகையின் மறையாக்கம்கூட 2008-இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. "கதவு அட்டை ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறதே, அதையே கணினிக்கும் வைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், அட்டைக்குள் சாவி வைத்துக் கையொப்பமிடும் சிப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

கார்டிலும் கோளாறு வரும். இன்ஃபினியான் நிறுவனத்தின் சில சிப்களில் சாவி உருவாக்கும் விதத்தில் ஒரு குறை இருப்பது 2017-இல் தெரியவந்தது. எஸ்டோனியா நாட்டில் சுமார் 7.5 லட்சம் தேசிய அடையாள அட்டைகள் இதில் சிக்கின. அந்த அரசு நவம்பரில் அவற்றின் சான்றிதழ்களை நிறுத்திவைத்து, புதுப்பித்துக்கொள்ளச் சொன்னது. பலர் கணினி முன் உட்கார்ந்தபடியே புதுப்பித்துக்கொண்டார்கள். மேலே சொன்ன 56 லட்சம் ரேகைகளை இதோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பெரிய விபத்துகள்தான். ஆனால் சாவியை மாற்ற முடிந்தது.

கார்டின் உண்மையான செலவு

கார்டும் ரீடரும் வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சான்றிதழ் வழங்க ஒரு அமைப்பு வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சான்றிதழ்கள் காலாவதியாகும். ஒரே நாளில் கொடுத்ததெல்லாம் ஒரே நாளில் காலாவதியாகி, காலையில் வந்தவர்கள் எல்லோரும் வெளியே நிற்கும் நிலை வரலாம். ஒருவர் கார்டை வீட்டில் மறந்துவிட்டு வருவார், அவருக்கு அன்று ஒரு நாளுக்கு மட்டும் தற்காலிகக் கார்டு தர வேண்டும். பின் நம்பரைப் பூட்டிக்கொண்டவருக்குத் திறந்துவிட வேண்டும். ரத்து செய்யப்பட்ட சான்றிதழ்களின் பட்டியல் இருக்கும் சர்வர் படுத்துவிட்டால் லாகினும் படுத்துவிடலாம். போனிலும் டேப்லெட்டிலும் கார்டு செருக இடமே இருக்காது. சிறிய அலுவலகத்தில் இதையெல்லாம் பார்க்க ஆள் இல்லை என்றால், கார்டைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

கார்டில் மின்னஞ்சலைப் பூட்டும் சாவியையும் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. லாகின் சாவி தொலைந்தால் புதிது போட்டுக்கொள்ளலாம், நஷ்டமில்லை. ஆனால் பழைய கடிதங்களைத் திறக்கும் சாவி கார்டோடு போய்விட்டால் அந்தக் கடிதங்களும் போனதுதான். எனவே அந்த ஒரு சாவிக்கு மட்டும் பாதுகாப்பான நகல் இருக்க வேண்டும். லாகினுக்கும் கையொப்பத்துக்கும் உரிய சாவிகளுக்கு நகல் இருக்கவே கூடாது. இருந்தால் "நான் கையொப்பமிடவில்லை, நகலை வைத்திருப்பவர்தான் செய்திருப்பார்" என்று யாரும் சொல்லிவிடலாம்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாகக் கார்டு ஒரு பெரிய நன்மையைத் தருகிறது. கார்டை உருவியதும் திரை பூட்டிக்கொள்ளும்படி விண்டோஸில் அமைத்துவிடலாம். விரலில் இது முடியாது. விரலை வைத்துத் திறந்துவிட்டு எழுந்து போனால் கணினி திறந்தே கிடக்கும், நேரம் கடந்து தானாகப் பூட்டும் வரை. ஆனால் மனிதர்கள் கார்டை ரீடரிலேயே விட்டுவிட்டுப் போவார்களே? போவார்கள். அதனால்தான் கதவைத் திறக்கவும் அதே கார்டு தேவை என்று வைப்பது நல்ல ஏற்பாடு. திரும்பி உள்ளே வர வேண்டும் என்றால் கையோடு எடுத்துத்தான் போக வேண்டும். அமெரிக்க அரசு 2004-இல் பிறப்பித்த உத்தரவு ஒன்றின் வழியே தன் ஊழியர்களுக்குக் கட்டடத்துக்கும் கணினிக்கும் பொதுவான ஒரே கார்டை நோக்கி நகர்ந்தது. அதன் தொழில்நுட்ப விதிகள் ஃபிப்ஸ் 201 என்ற பெயரில் அடுத்த ஆண்டு வந்தன.

எந்த இடத்துக்கு எது

ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு லேப்டாப், அதில் ஏற்கெனவே நல்ல ஸ்கேனர் இருக்கிறது, டிபிஎம் சிப்பும் இருக்கிறது என்றால் நான் தயங்காமல் கைரேகையைத்தான் சொல்வேன். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், மறக்கவும் தொலைக்கவும் ஒன்றுமில்லை. நாளுக்குப் பலமுறை லாக் செய்து திறக்க மனிதர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள். சலிப்பில்லாததே பெரிய பாதுகாப்பு. திறப்பது எளிது என்றால்தான் எழுந்து போகும்போது மறக்காமல் பூட்டுவார்கள்.

பொதுக் கணினிகள் என்றால் கதை வேறு. மருத்துவமனை வார்டு, கால் சென்டர், தொழிற்சாலையின் உற்பத்திக்கூடம் போன்ற இடங்களில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காருவார். டெம்ப்ளேட் அந்தந்த இயந்திரத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பார்த்தோம். அப்படியென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணினியிலும் விரலைப் பதிவு செய்தாக வேண்டும். அலுவலகங்களுக்கான விண்டோஸ் ஹலோவில் ஒரு கணினிக்கு 10 பேர் வரைதான் பதிவு செய்ய முடியும். இதைத் தவிர்க்க எல்லா டெம்ப்ளேட்டுகளையும் ஒரு சர்வரில் குவித்தால், தவிர்க்க வேண்டியது என்று முன்பு சொன்ன அதே இடத்துக்கு வந்துவிடுகிறோம். கையுறை போட்டவர்கள், அடிக்கடி கை கழுவுபவர்கள், ரசாயனமோ சிமென்ட்டோ தொட்டு வேலை செய்து ரேகை தேய்ந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களை ஸ்கேனர் திரும்பத் திரும்ப மறுக்கும். இங்கே கார்டுதான் சரி.

சர்வர்களை நிர்வகிப்பவர்கள், பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தருபவர்கள் போன்ற பெரிய அதிகாரம் உள்ள கணக்குகளுக்கும் கார்டையே கொடுங்கள். அவர்கள் பல இயந்திரங்களில், பெரும்பாலும் தொலைவிலிருந்து நுழைவார்கள். கார்டு அவர்களோடு போகும்.

கார்டைப் பராமரிக்க ஆளும் இல்லை, ரேகை மட்டும் போதாது என்றும் தோன்றினால் நடுவழி ஒன்று இருக்கிறது. ஃபிடோ2 என்ற தரத்தில் வரும் சிறிய பாதுகாப்புச் சாவிகள் யூஎஸ்பியில் செருகிக்கொள்ளத் தக்கவை. சிலவற்றில் ரேகை உணரியும் உண்டு. டெம்ப்ளேட், ஒப்பீடு, ரகசியச் சாவி எல்லாமே அந்தச் சிறு பொருளுக்குள் அடங்கிவிடும். ரேகையை ஒரு பொருளோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும், தனியாக நம்பக் கூடாது என்பதுதான் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் வழிகாட்டுதலும்.

வாங்குவதற்கு முன்

எதை வாங்கினாலும் பழைய பாஸ்வேர்டு பின்கதவாக நிற்கிறதா என்று பாருங்கள். விரல் மூன்று முறை பொருந்தவில்லை என்றதும் திரை "பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்று கேட்டால், திருட வருபவர் விரலைப் பற்றிக் கவலைப்படவே மாட்டார், நேரே பாஸ்வேர்டுக்குப் போவார். ஊழியர்களின் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் அலுவலகத்தில் ஒரு கணக்குக்கு ஸ்மார்ட் கார்டு கட்டாயம் என்று குறித்துவிட்டால், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை யாருக்கும் தெரியாத ஒன்றாக அமைப்பே மாற்றிவிடும். கார்டு கொடுத்துவிட்டு இதைச் செய்யாமல் விடுவது பாதி வேலை.

ரேகை என்றால் ஊழியர்களின் சம்மதமும் சட்டமும் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் விதி, ஒருவரை அடையாளம் காணப் பயன்படுத்தும் உடல் அடையாளங்களைச் சிறப்புப் பாதுகாப்பு உள்ள தகவலாக வகைப்படுத்துகிறது. முதலாளி கேட்டு ஊழியர் தரும் சம்மதம் உண்மையில் சம்மதம்தானா என்ற கேள்வியும் அங்கே எழுகிறது. எந்த நாடாக இருந்தாலும், விரல் தர விரும்பாதவருக்கும் தர முடியாதவருக்கும் வேறு வழி இருந்தாக வேண்டும். இதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். ஒரு மனிதர் தன் ரேகை தேய்ந்துபோனதற்காகத் தினமும் காலையில் யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருப்பது சரியல்ல.

சோதனைக்குச் சிலரைத் தேர்ந்தெடுக்கும்போது கணினிப் பிரிவில் இருப்பவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். வயதானவர்கள், கையால் உழைப்பவர்கள், ஷிப்ட் மாறி வருபவர்கள் கண்டிப்பாக அதில் இருக்கட்டும். ரேகை என்றால் இரண்டு கைகளிலிருந்தும் தலா ஒரு விரலையாவது பதிவு செய்யுங்கள். ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டிய நாளில் மற்றது உதவும்.

அப்புறம், ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளுக்கும் ஒரு நடைமுறை இப்போதே வேண்டும். முதல் வேலை கணக்கை முடக்குவது. அது நடந்தபின் கார்டு என்றால் அதைத் திரும்ப வாங்கிச் சான்றிதழை ரத்து செய்யுங்கள். ரேகை என்றால் அந்த லேப்டாப்பில் உள்ள அவருடைய டெம்ப்ளேட்டையும் சாவியையும் அழித்துவிட்டு, அழித்ததை அவருக்குத் தெரிவியுங்கள்.